மணிச்சத்துக்கு எந்த மூட்டை? காவிரிப் படுகை நெல் நிலத்துக்கான ஓர் ஒப்பீடு

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தாலும் தள்ளிப்போனாலும், நாற்றங்கால் வேலை தொடங்கும் வாரத்தில் காவிரிப் படுகையின் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் கேட்கப்படும் முதல் கேள்வி மாறுவதில்லை. டி.ஏ.பி., அதாவது மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) சேர்ந்த டை அம்மோனியம் பாஸ்பேட் உரம், வந்துவிட்டதா என்பதுதான் அது. வந்துவிட்டால் ஏக்கருக்கு ஒரு மூட்டை வாங்கி அடியுரமாகப் போட்டுவிடுவது வழக்கம். வரவில்லையென்றால் மட்டுமே வேறு வழிகளைப் பற்றிய பேச்சு எழும். அந்தப் பேச்சு பெரும்பாலும் அவசரத்தில் நடக்கிறது, கடையில் இருப்பதைக் கொண்டு முடிந்தும்விடுகிறது. அவசரம் இல்லாத ஒரு நாளில், தாளும் பேனாவுமாக உட்கார்ந்து செய்ய வேண்டிய ஒப்பீட்டைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். எடுத்துக்கொண்ட நிலம் பழைய டெல்டாவின் களிமண் நிலம். குறுவையும் தாளடியும், அல்லது சம்பா மட்டுமாக நெல்லும், அதன் பின் தரிசில் உளுந்தும் விளையும் ஓர் ஏக்கர். புதிய டெல்டாவின் செம்மண் நிலத்துக்கு விடை வேறாகும் இடங்களை ஆங்காங்கே சுட்டுகிறேன்.

இதை ஏன் இவ்வளவு பொறுப்பாகக் கணக்கிட வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுக்கலாம். எரிபொருள் இருக்கும்வரை யூரியா செய்துகொண்டே இருக்கலாம். மணிச்சத்துக்கு அப்படி ஒரு வழி கிடையாது. அது பூமிக்குள் பாறையாகக் கிடக்கிறது, தோண்டித்தான் எடுக்க வேண்டும். உலகத்தில் கணக்கிடப்பட்ட பாஸ்பேட் பாறை இருப்பில் பத்தில் ஏழு பங்கு மொராக்கோவிலும் அதன் ஆளுகையில் உள்ள மேற்குச் சகாராவிலும் இருக்கிறது. இந்தியாவில் சொல்லிக்கொள்ளத்தக்க சுரங்கம் என்றால் ராஜஸ்தானில் உதயப்பூர் அருகே உள்ள ஜாமர்கோட்ராதான். 1906இல் ராணிப்பேட்டையில் நாட்டின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை எழுந்தது என்ற பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு என்றாலும், இன்றைக்கும் பாறையின் பெரும்பகுதியும் டி.ஏ.பி.யில் பாதிக்கு மேலும் கப்பலில்தான் வருகின்றன. 2008இல் பாறையின் விலை ஓராண்டுக்குள் பல மடங்கு ஏறியபோதும், 2021இன் பிற்பகுதியில் சீனா ஏற்றுமதியை இறுக்கியபோதும், தஞ்சாவூர் உழவர் அதை விலையாக உணரவில்லை, தட்டுப்பாடாகவே உணர்ந்தார். காரணம், டி.ஏ.பி. மூட்டையின் விலையை 1350 ரூபாயில் நிறுத்தி வைப்பதற்காக மேலே உள்ள சுமையை அரசு மானியமாக ஏற்றுக்கொள்கிறது. விலைச்சீட்டைப் பார்த்து மட்டும் முடிவெடுப்பவருக்கு இந்தப் பொருள் அரியது என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

மூட்டைகளை ஒப்பிடுவதற்கு முன்னால் மண்ணைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். இவை இல்லாமல் எந்த ஒப்பீடும் கடைக்காரர் கணக்காகவே முடியும்.

ஒன்று, போட்ட மணிச்சத்தில் அந்தப் பருவத்துப் பயிர் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மீதி யூரியாவைப் போல ஆவியாகியோ வடிந்தோ பெரும்பாலும் போய்விடுவதில்லை. சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணில் கால்சியத்தோடும், அமில மண்ணில் இரும்பு, அலுமினியத்தோடும் பிணைந்து அங்கேயே தங்கிவிடுகிறது. இதைப் பொதுவாக வீணாவதாகச் சொல்லிவிடுகிறோம். இருப்பாகப் பார்ப்பதே சரி என்பது என் எண்ணம். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் ஒரு வயலுக்கு 1856 முதல் 1901 வரை பாஸ்பேட் போட்டுவிட்டு அதன்பின் நிறுத்தினார்கள். பல பத்தாண்டுகள் கழித்தும் அந்தத் துண்டுகள், பாஸ்பேட்டே காணாத பக்கத்துத் துண்டுகளைவிடக் கூடுதலாக விளைந்தன. தாத்தா போட்டதைப் பேரன் எடுக்க முடியும் என்பது மணிச்சத்தில் வெறும் உவமை இல்லை.

இரண்டு, நெல் வயலில் நீர் நிற்கும்போது இந்த இருப்பின் பூட்டு ஓரளவு திறந்துகொள்கிறது. காற்று புகாத சேற்றில் இரும்பின் தன்மை மாறுவதால், அதோடு பிணைந்திருந்த மணிச்சத்து கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. தண்ணீர் வடிந்து மண் காய்ந்ததும் பூட்டு மறுபடியும் விழுகிறது, முன்னைவிடவும் இறுக்கமாக. ஆகவே ஒரே வயலில் நெல்லுக்குக் குறைவின்றிக் கிடைத்த சத்து, அடுத்து வரும் உளுந்துக்குக் கிடைக்காமல் போகலாம். பஞ்சாபில் கோதுமைக்குப் பரிந்துரைத்த அளவு பாஸ்பேட் போட்டிருந்தால் அடுத்து வரும் நெல்லுக்குப் போட வேண்டியதில்லை என்று அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதற்கும் இதே வேதியியல்தான் அடிப்படை. நம் பக்கத்தில் வரிசை தலைகீழாக இருக்கிறது: நெல் முதலில், உளுந்து பிறகு. இந்த ஒரு வேறுபாடு பின்னால் வரும் முடிவு முழுவதையும் பாதிக்கும்.

இனி கணக்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மத்திய, நீண்ட கால நெல் இரகங்களுக்கு எக்டருக்கு 50 கிலோ மணிச்சத்தைப் பொதுப் பரிந்துரையாக வைத்திருக்கிறது. ஏக்கருக்கு 20 கிலோ. ஏக்கருக்கு 2 டன் நெல் விளைந்தால் தானியமும் வைக்கோலுமாக வயலை விட்டு வெளியேறுவது சுமார் 12 முதல் 14 கிலோ. (மூட்டையில் அச்சிடும் கணக்கிலேயே, அதாவது பாஸ்பரஸ் ஆக்சைடாகவே, இவை எல்லாவற்றையும் சொல்கிறேன், தனிமமாகக் கணக்கிட்டால் அதில் 44 விழுக்காடுதான் பாஸ்பரஸ்.) அதாவது, பரிந்துரையை அப்படியே பின்பற்றுகிறவர் ஒவ்வொரு பருவத்திலும் ஆறேழு கிலோவை மண்ணில் சேர்த்துவைக்கிறார். ஏழை மண்ணுக்கு அது தேவையான முதலீடு. முப்பது ஆண்டுகளாக டி.ஏ.பி. உண்ட மண்ணுக்கு அது தேவைதானா என்பதே கேள்வி.

டி.ஏ.பி.யிலிருந்து தொடங்குவோம். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ மணிச்சத்தும் 9 கிலோ தழைச்சத்தும் இருக்கின்றன. ஓர் ஏக்கருக்கு ஒரு மூட்டை என்பது மனக்கணக்குக்கும் மிதிவண்டியின் பின்னிருக்கைக்கும் பொருந்துகிற அளவு. இது பிரபலமானதற்குப் பாதிக் காரணம் வேதியியலில் இல்லை, சுமப்பதில் இருக்கிறது. ஆள்கூலி ஏறிய காலத்தில் அதை அற்பமான காரணம் என்று ஒதுக்க முடியாது. குறை என்னவென்றால் அதில் கந்தகம் கிடையாது, கால்சியம் கிடையாது. தொழுவுரமும் போடாமல் ஆண்டுக்கணக்கில் யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ் என்று மூன்றை மட்டும் போட்டுவந்த நிலங்களில் கந்தகப் பற்றாக்குறை தலைகாட்டுவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, மண்ணில் மணிச்சத்து மிகும்போது துத்தநாகம் பயிருக்குக் கிடைப்பது தடைப்படும். துத்தநாகக் குறையால் நடவுக்குப் பின் இளம்பயிரின் இலையில் துரு நிறப் புள்ளிகள் விழுந்து வளர்ச்சி நிற்பதைக் கண்டு இன்னொரு மூட்டை டி.ஏ.பி. போடுகிறவர் நோயையே மருந்தாகக் கொடுக்கிறார்.

ஆனாலும் டி.ஏ.பி.க்கு மாற்றே இல்லாத இரண்டு இடங்கள் உண்டு. நாற்றங்கால் ஒன்று. சென்ட்டுக்கு 2 கிலோ என்ற கணக்கில் போடுவது மிகச் சிறிய பரப்பில் மிகப் பெரிய பலனைத் தரும். வாளிப்பாக வேர்விட்ட நாற்று நடவு வயலிலும் சத்தைத் தேடி எடுத்துக்கொள்ளும். தரிசு உளுந்து மற்றொன்று. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது நிற்கும் நெல்லுக்குள்ளேயே விதைத்துவிடுகிற பயிருக்கு உழவும் இல்லை, அடியுரமும் இல்லை. பூக்கும் தருணத்தில் ஒரு முறையும் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறையும் 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசலை இலையில் தெளிப்பதுதான் வழி. ஏக்கருக்கு 4 கிலோவை முதல்நாள் இரவு நீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடித்து 200 லிட்டராக்கித் தெளிப்பார்கள். இரண்டு தெளிப்புக்கும் சேர்த்து 8 கிலோ. தட்டுப்பாட்டு ஆண்டில் அரை மூட்டை டி.ஏ.பி.தான் கையில் இருக்கிறது என்றால், அதை நடவு வயலில் வீசுவதைவிட நாற்றங்காலுக்கும் உளுந்துக்குமாகப் பங்கிடுவதே புத்திசாலித்தனம்.

சூப்பர் பாஸ்பேட்டுக்கு வருவோம். உழவர்கள் சுருக்கமாகச் சூப்பர் என்பார்கள். அதில் 16 விழுக்காடு மணிச்சத்து, 11 விழுக்காடு கந்தகம், ஐந்தில் ஒரு பங்களவு கால்சியம். 20 கிலோ மணிச்சத்துக்கு 125 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை சுமக்க வேண்டும். விலையில் எது மலிவு என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு கணக்கு போதும். யூரியா மூட்டை 45 கிலோ 266.50 ரூபாய், அதில் 20.7 கிலோ தழைச்சத்து. ஆகக் கிலோ சுமார் 13 ரூபாய். டி.ஏ.பி. மூட்டையில் உள்ள 9 கிலோ தழைச்சத்தின் மதிப்பு இந்த விலையில் 116 ரூபாய். 1350இலிருந்து அதைக் கழித்து 23ஆல் வகுத்தால் மணிச்சத்து கிலோவுக்கு 54 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. சூப்பர் மூட்டையில் 8 கிலோ மணிச்சத்து என்பதால், மூட்டை ஏறக்குறைய 430 ரூபாய்க்குள் கிடைத்தால் மணிச்சத்துக் கணக்கிலேயே அது டி.ஏ.பி.யைவிட மலிவு. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் மூட்டைக்கு ஐந்தரைக் கிலோ கந்தகத்துக்கான விலை. டி.ஏ.பி. விலையைப் போல சூப்பரின் விலை எங்கும் ஒரே அளவில் நிற்பதில்லை என்பதால், வாங்கும் நாளில் இந்த 430 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவது பயன்படும். ஏற்றுகூலியையும் இறைக்கிற கூலியையும் அவரவர் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கந்தகத்துக்குக் காசு கொடுப்பது தகுமா என்றால், உளுந்தும் நிலக்கடலையும் எள்ளும் வரும் நிலத்தில் தகும். நெல் மட்டுமே என்றால், தொழுவுரம் போடும் வயலில் அவ்வளவாகத் தேவைப்படாது. கடலோர நாகப்பட்டினப் பகுதியின் களர் நிலங்களுக்கு சூப்பரில் உள்ள ஜிப்சம் பயன்படும் என்று சொல்லப்படுவதில் உண்மை இருந்தாலும், களரைச் சீர்செய்யத் தேவைப்படும் ஜிப்சத்தின் அளவோடு ஒப்பிட்டால் இது உப்புக்குச் சப்பாணிதான். கையாளும்போது இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சூப்பரை யூரியாவோடு கலந்து வைத்தால் நசநசத்துக் கட்டியாகிவிடும். தனித்தனியாகவே இறைக்க வேண்டும். துத்தநாக சல்பேட்டை எந்தப் பாஸ்பேட் உரத்தோடும் கலக்கவே கூடாது, மணலில் கலந்து தனியாகத் தூவ வேண்டும். கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே பயிருக்கு உதவாது.

20:20:0:13 (தழை, மணி, சாம்பல் சத்துகளும் கந்தகமும் நூற்றில் இத்தனை பங்கு) போன்ற காம்ப்ளக்ஸ் உரங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மேலே போட்ட அதே கணக்கில் அந்த மூட்டையின் தழை, மணிச்சத்துகளின் மதிப்பு 665 ரூபாய் அளவில் வருகிறது. ஆயிரத்துக்கு மேல் விலை கொடுத்து வாங்கும்போது மீதியை ஆறரைக் கிலோ கந்தகத்துக்குத் தருகிறோம். வசதிக்காக வாங்கலாம், சிக்கனத்துக்காக வாங்குவதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. 2023இல் வந்த நானோ டி.ஏ.பி. பற்றியும் ஒரே கணக்குதான்: அரை லிட்டர் புட்டியில் 16 விழுக்காடு என்றால் 80 கிராம் மணிச்சத்து, அறுவடையில் வெளியேறுவது 12 கிலோ. இலைவழியே நன்றாக உறிஞ்சப்பட்டாலும், மீதி அத்தனையும் மண் இருப்பிலிருந்தே வர வேண்டும். இருப்பு மிகுந்த வயலில் அது போதுமானதாகத் தோன்றலாம். அங்கே ஒன்றும் தெளிக்காவிட்டாலும் ஓரிரு பருவம் அப்படித்தான் தோன்றும்.

பாறை பாஸ்பேட்டை அப்படியே பொடித்துப் போடுவது கேட்பதற்கு மிகவும் எளிய, ஆலையும் அமிலமும் வேண்டாத, நிலைத்த வழியாகத் தெரிகிறது. அது மண்ணைப் பொறுத்தது. பாறையைக் கரைக்க அமிலம் வேண்டும்; ஆலை கந்தக அமிலத்தால் செய்யும் வேலையை மண்ணே செய்ய வேண்டும். நீலகிரியின் தேயிலைத் தோட்டத்திலும் கன்னியாகுமரியின் ரப்பர் தோட்டத்திலும் மண் அந்த வேலையைச் செய்யும். இலங்கையில் அனுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் 1971இல் கண்டறியப்பட்ட, சுமார் 6 கோடி டன் என்று மதிப்பிடப்படும் பாறைப் படிவம், தேயிலை, ரப்பர், தென்னைக்குப் பொடியாகப் போய்க்கொண்டிருக்க, அதே நாட்டு நெல் வயலுக்கு மட்டும் கரையக்கூடிய பாஸ்பேட்டை இறக்குமதி செய்ய வேண்டியிருக்கிறது என்ற முரணும் இதனால் வந்ததுதான். நமது பழைய டெல்டாவின் களத்தூர், ஆடனூர் வகைக் களிமண்கள் காரத்தன்மை உள்ளவை. அங்கே பாறைப் பொடி ஆண்டுக்கணக்கில் கல்லாகவே கிடக்கும். பட்டுக்கோட்டை, மதுக்கூர் பக்கத்துச் செம்மண்ணில், கார அமில நிலை (pH) 6க்குக் கீழே இருக்கும் வயல்களில் மட்டும், தக்கைப்பூண்டையோ சணப்பையோ மடக்கி உழும்போது பாறைப் பொடியைச் சேர்த்துப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. பசுந்தாள் மக்கும்போது வெளிப்படும் அமிலங்கள் கொஞ்சம் கரைத்துக் கொடுக்கும்.

அங்கக வழிகள்தான் இந்த ஒப்பீட்டில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுபவை. இயற்கை விவசாயத்தின் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் ஒருசேரத் தவறுகிறார்கள். பசுந்தாள் உரம் தழைச்சத்தைப் புதிதாகக் கொண்டுவருகிறது, உண்மை. மணிச்சத்தை அது கொண்டுவருவதில்லை. வயலில் ஏற்கெனவே இருப்பதை வேரால் எடுத்துத் தழையில் வைத்து, மக்கும்போது எளிதில் கிடைக்கும் வடிவில் திருப்பித் தருகிறது. மணிச்சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிர் உரமான பாஸ்போபாக்டீரியாவும் அப்படியே: பூட்டியிருப்பதைத் திறக்கும், பெட்டியை நிரப்பாது. எக்டருக்கு 2 கிலோ அளவில் தொழுவுரத்தில் கலந்து இடுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்பதால் இருப்பு உள்ள மண்ணில் அதை முயல்வதில் இழப்பில்லை. இருப்பில்லாத மண்ணில் அதை நம்பி உரத்தை நிறுத்துகிறவர் சில ஆண்டுகளில் கைப்பொருளை இழப்பார்.

தொழுவுரம் வேறு. அதில் மணிச்சத்து ஏறக்குறைய 0.2 விழுக்காடு. எக்டருக்கு 12.5 டன் என்ற பரிந்துரைப்படி ஏக்கருக்கு 5 டன் போட்டால் 10 கிலோ கிடைக்கிறது. அரை மூட்டை டி.ஏ.பி.க்குச் சற்றுக் குறைவு. கேள்வி, 5 டன் எங்கிருந்து வரும் என்பதுதான். உழவு மாடு போய், கறவை மாடும் குறைந்து, வைக்கோலை இயந்திரம் உருட்டிக் கட்டி லாரியில் ஏற்றிவிடும் ஊரில், தன் வீட்டுக் குப்பைக்குழி ஓர் ஏக்கருக்குக் கூடக் காணாது. இந்த இடத்தில் கிடை போடுவதைக் குறிப்பிட வேண்டும். அறுவடைக்குப் பின் கோடையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஓட்டிவரும் ஆடுகள் பகலில் வாய்க்கால் கரையிலும் புறம்போக்கிலும் மேய்ந்துவிட்டு, இரவில் நம் வயலில் அடைகின்றன. வெளியில் தின்றதை உள்ளே கொண்டுவந்து சேர்க்கிற, ஏற்றுகூலியே இல்லாத உரம் இது. ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம் என்பார்கள். மணிச்சத்தைப் பொறுத்தவரை இரண்டுமே மண்ணில் தங்கும் என்றாலும், தரிசில் உளுந்து நிற்கும் வயலில் கிடை போட முடியாது என்பது நடைமுறைத் தடை. உளுந்து எடுத்த பிறகே இடம் கிடைக்கும்.

மணிச்சத்து உண்மையில் குவிந்து கிடக்கும் இடம் நாமக்கல். கோழித்தீவனத்தில் சேர்க்கும் கால்சியம் பாஸ்பேட்டும் அதே சுரங்கப் பாறையிலிருந்து வருவதுதான். கோழி அதில் முட்டைக்கும் உடம்புக்கும் எடுத்ததுபோக மிச்சத்தை எச்சமாக விடுகிறது. காய்ந்த கோழி எருவில் ஏறத்தாழ 2 விழுக்காடு மணிச்சத்து இருக்கும். அதாவது ஒரு டன்னில் ஓர் ஏக்கருக்கான 20 கிலோவும் அடங்கிவிடுகிறது. இறக்குமதி செய்த பாறைக்கு இரண்டாவது பிறவி கொடுப்பதாக இதைக் கருதலாம். காவிரி வழியாகவே பார்த்தால் நாமக்கல்லிலிருந்து திருச்சி எட்டும் தூரம்தான், மயிலாடுதுறையோ திருவாரூரோ தூரம். லாரி வாடகைதான் இதன் விலையை நிர்ணயிக்கிறது. நன்றாக மட்கவைத்த எருவைத்தான் போட வேண்டும், பச்சையாகப் போட்டால் நாற்றமும் ஈயும் பயிருக்குச் சூடும் வரும். இதைத் தழைச்சத்துக் கணக்கில் அளந்து போடுகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு மணிச்சத்தைத் தேவைக்கு இரண்டு மடங்குக்கும் மேலாகக் குவித்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மணிச்சத்துக் கணக்கில் அளந்து போட்டுவிட்டு, குறையும் தழைச்சத்தை யூரியாவால் நிரப்புவதே சரியான முறை. குப்பையும் உரமும் சேர்ந்த ஒரு நடுவழியும் நம்மிடம் உண்டு: 750 கிலோ நன்கு மட்கிய தொழுவுரத்தில் சூப்பரைக் கலந்து, ஒரு மாதம் மூடிவைத்து இடும் ஊட்டமேற்றிய தொழுவுரம். எக்டருக்கான அளவு அது; மானாவாரிக்கென்று சொல்லப்படுவதானாலும், மண் பிடித்துக்கொள்வதைக் குறைக்கும் அதன் தத்துவம் காரக் களிமண்ணுக்கும் பொருந்தும்.

இத்தனை வழிகளையும் அடுக்கியபின், எந்தக் கடையிலும் விற்காத ஒரு வழி மிச்சம் இருக்கிறது: குறைத்துப் போடுவது. அதற்கு மண் பரிசோதனை வேண்டும். 2015இல் மண்வள அட்டைத் திட்டம் வந்தபின் அட்டை இல்லாத உழவர் குறைவு. அட்டையைப் பார்த்து உரம் வாங்கியவர் அதைவிடக் குறைவு. அட்டையில் வயல் எண் சரியாக இருந்தாலும் மண் அந்த வயலில் எடுத்ததுதானா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. நானே எடுத்து அனுப்பிவிடுவதே நிம்மதி என்பேன். வரப்போரம், மரநிழல், குப்பை கொட்டிய இடம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில வி எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவி, எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கிக்கொண்டே வந்து, கடைசி அரைக் கிலோவை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கிடைக்கும் மணிச்சத்து எக்டருக்கு 11 கிலோவுக்குக் கீழ் என்றால் குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், 22க்கு மேல் அதிகம். குறைவென்றால் பரிந்துரையில் கால் பங்கு கூட்டுவதும் அதிகமென்றால் கால் பங்கு குறைப்பதும் வழக்கமான அறிவுரை. அதைவிட நுட்பமாக, எவ்வளவு விளைச்சல் வேண்டும் என்று முடிவுசெய்து அதற்கேற்பச் சத்தைக் கணக்கிடும் முறையை 1967இல் இராமமூர்த்தி என்ற மண்ணியலாளரும் அவர் குழுவினரும் வகுத்தார்கள். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைத் தமிழ்நாட்டு மண்வகைகளுக்கும் பயிர்களுக்கும் விரித்துச் சமன்பாடுகளாகத் தந்திருக்கிறது. ஆய்வக முடிவோடு அந்தச் சமன்பாட்டின்படியான அளவையும் கேட்டு வாங்கலாம்.

இவற்றையெல்லாம் வைத்து எனது தேர்வு இதுதான். சோதனையில் அதிகம் என்று வந்த களிமண் வயலில், குறுவைக்கு நாற்றங்கால் டி.ஏ.பி.யோடு நிறுத்திக்கொண்டு, நடவு வயலுக்கு ஒன்றும் போடாமல் பாஸ்போபாக்டீரியா மட்டும் இடுவேன். தாளடிக்கு ஒரு மூட்டை சூப்பரும் தெளிப்புக்கான டி.ஏ.பி.யும் போதும். சம்பா, தாளடிக்குப் போடுவதை முற்றாக நிறுத்தாததற்குக் காரணம் நெல் அன்று, அதற்குப் பின் வரும் உளுந்து. காய்ந்து பூட்டிக்கொள்ளும் மண்ணில் வேர்முடிச்சு கட்ட வேண்டிய பயிர் அதுதான். வழக்கமான இரண்டு மூட்டை டி.ஏ.பி.யில் இருந்த 46 கிலோவுக்குப் பதில் அதில் பாதிக்கும் குறைவான அளவில் ஆண்டு முடிந்துவிடும். கையிருப்பிலிருந்து கொஞ்சம் குறையும், குறைய வேண்டும் என்பதுதான் நோக்கமும். மூன்றாண்டுக்கு ஒரு முறை மறுபடியும் சோதித்து, நடுத்தரத்துக்குள் இறங்கியதும் அறுவடையில் போவதை ஈடுசெய்யும் அளவுக்குத் திரும்பிவிடலாம். அந்த அளவில் பாதியைக் கிடை அல்லது கோழி எருவிலிருந்தும், பாதியைச் சூப்பரிலிருந்தும் எடுப்பது எனக்கு உகந்ததாகத் தெரிகிறது. குறைவு என்று வந்த வயலில் மட்டும், குறிப்பாகப் புதிய டெல்டாவின் மணற்பாங்கான செம்மண்ணில், சிக்கனம் பேசுவதற்கு இடமில்லை; அங்கே டி.ஏ.பி.யோ சூப்பரோ பரிந்துரையும் கால் பங்கு கூடுதலுமாக, கடைசி உழவில் அடியுரமாக, ஊட்டமேற்றிய தொழுவுரத்தோடு சேர்த்துப் போட வேண்டும். எங்கே போட்டாலும், போட்ட சில நாட்களுக்கு வடிகாலைத் திறக்காமல் இருப்பது அவசியம். சேற்றோடு கலங்கிப் போகும் நீரில்தான் இந்தச் சத்து பெரிதும் வெளியேறும்.

இந்தக் கணக்கு சொந்த நிலத்துக்காரருக்கு எளிதில் பொருந்துகிறது. டெல்டாவில் கோயில், மடத்து நிலங்களையும் ஊரைவிட்டுப் போனவர்களின் நிலங்களையும் வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய நிலைமை வேறு. நல்ல இருப்புள்ள வயலை ஓராண்டுக்குக் குத்தகைக்கு எடுத்தவருக்கு ஒன்றும் போடாமல் எடுத்துக்கொள்வதே லாபம்; வறண்ட வயலை எடுத்தவர் போடும் மூட்டையில் ஐந்தில் ஒரு பங்குதான் அவருக்கு, மீதி நிலத்துக்காரருக்கோ அடுத்த குத்தகைதாரருக்கோ போகிறது. ஆகவே குத்தகையாளர் தன் அளவில் செய்யத்தக்கது, உடனே பலன் தரும் நாற்றங்கால் உரத்திலும் இலைத் தெளிப்பிலும் செலவை நிறுத்திக்கொண்டு, வயலுக்கான அடியுரச் செலவில் நிலத்துக்காரரின் பங்கைக் கேட்பது. குத்தகை பேசும் நாளில் ஒரு மண் பரிசோதனையும், விடும் நாளில் இன்னொன்றும் எடுத்து, 11க்கும் 22க்கும் நடுவில் எங்கே வாங்கி எங்கே விட்டார் என்பதை இரு தரப்பும் தாளில் எழுதிக்கொண்டால் அந்தப் பங்கைக் கேட்பதற்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்.